செம்புக் கம்பியின் இரு முனைகள்

அலுவலகத்திலும் பள்ளியிலும் சுவரோரமாகச் செல்லும் மெல்லிய வடத்தைப் பலரும் பார்த்திருப்பர். அதனுள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக உள்ளன. ஒரு முனையில் ஒரு நிறுவனம் செய்த கருவி. மறு முனையில் அதனோடு எத்தொடர்பும் இல்லாத, சந்தையில் அதற்குப் போட்டியாகவே நிற்கின்ற வேறொரு நிறுவனம் செய்த கருவி. ஆயினும் வடத்தைச் செருகிய ஓரிரு நொடிகளில் இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. எவ்வளவு விரைவாகப் பேசுவது, யார் எப்போது பேசுவது என்பனவற்றை முடிவு செய்துகொள்கின்றன. இந்த நலம் தானாக வந்ததன்று. நெடுங்காலப் பூசலும், பல பொறியாளர்கள் விழித்திருந்த இரவுகளும் இதன் பின்னே உள்ளன. இன்றும் சில வேளைகளில் உடன்பாடு முறிகின்றது. அது எங்கே முறிகின்றது, ஏன் முறிகின்றது என்பதை அறிய வேண்டுமாயின், அவ்வுடன்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

கம்பியை முறுக்கும் கலை கணினிக்கு மிகவும் மூத்தது. தொலைபேசியின் தந்தை எனப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு செய்தியைக் கொண்டுசெல்லும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், அயலிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டின்மீதும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். பெறுகின்ற முனை இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்பதால், இரண்டிற்கும் பொதுவான இரைச்சல் கழிந்துபோகும். இவ்வளவு எளிய கருத்தின்மீதுதான் இன்றைய நொடிக்கு 1,000 மெகாபிட் விரைவும் நிற்கின்றது.

ஈதர்நெட்டின் பிறப்பு

அமெரிக்காவில் சிராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இராபர்ட் மெட்கால்பு, 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாளன்று ஒரு குறிப்பு எழுதினார். அந்நிலையத்தின் 'ஆல்ட்டோ' கணினிகளை ஒரே வடத்தில் இணைக்கும் திட்டம் அதில் இருந்தது. ஒளி செல்வதற்கு அண்டமெங்கும் 'ஈதர்' என்னும் நுண்பொருள் நிறைந்திருக்கின்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் எண்ணியிருந்தனர். மைக்கெல்சன், மோர்லி ஆகிய இருவர் 1887ஆம் ஆண்டில் செய்த ஆய்வு அக்கொள்கையின் வேரை ஆட்டியது. இல்லாத பொருளின் பெயர் இருக்கின்ற வடத்திற்கு வந்து சேர்ந்தது. அதுவே ஈதர்நெட் ஆயிற்று.

அவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர் 1971ஆம் ஆண்டில் தீவுகளுக்கிடையே வானொலி வழியாகக் கணினிச் செய்தி அனுப்பும் முறை ஒன்றை நடத்திக் காட்டியிருந்தனர். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசுவர். இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதைந்தால், இருவரும் சிறிது காத்திருந்து மீண்டும் பேசுவர். மெட்கால்பும் அவருடைய துணைவர் டேவிட் பாக்சும் இக்கருத்தை வடத்திற்குக் கொண்டு வந்தனர். பேசுமுன் கேள்; வடம் அமைதியாக இருந்தால் பேசு; பேசும்போதும் கேட்டுக்கொண்டேயிரு; மோதல் நேர்ந்தால் நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து மீண்டும் முயல். பெரியோர் கூடிய அவையில் பின்பற்றப்படும் ஒழுக்கத்தினின்று இஃது அதிகம் வேறுபட்டதன்று. முதல் ஈதர்நெட்டின் விரைவு நொடிக்கு 2.94 மெகாபிட்.

ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குள் இருந்தவரை இணக்கம் பற்றிய வினாவே எழவில்லை. மெட்கால்பு 1979ஆம் ஆண்டில் வெளியேறித் தம் சொந்த நிறுவனமாகிய திரீகாமைத் தொடங்கினார். டிஜிட்டல், இன்டெல், சிராக்சு ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒன்றுகூடி 1980ஆம் ஆண்டு செப்டம்பரில் 10 மெகாபிட் ஈதர்நெட்டின் விதிகளை எவரும் படித்துக் கருவி செய்யுமாறு வெளியிட்டன. அதே ஆண்டில் மின், மின்னணுப் பொறியாளர் கழகமாகிய ஐ.இ.இ.இ.யும் தனிக்குழு ஒன்றை அமைத்திருந்தது. அக்குழுவின் 802.3 என்னும் தரநிலை 1983ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது.

இங்கேதான் முதற் சிக்கல் முளைத்தது. இரண்டு ஆவணங்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 'ஏறத்தாழ' என்னும் சொல் பொறியியலில் தீங்கு விளைவிப்பது. ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் தலைப்பிலும் இரண்டு பைட் இடம் ஒன்று உண்டு. மூன்று நிறுவனங்களின் விதியில் அவ்விடம் செய்தியின் வகையைக் குறித்தது. கழகத்தின் விதியில் செய்தியின் நீளத்தைக் குறித்தது. ஒரே வடத்தில் இரு வகைக் கருவிகளும் இருக்கும். மின்துடிப்பு குறையின்றிச் செல்லும். ஆயினும் ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு விளங்காது. செய்தியின் நீளம் 1,500ஐத் தாண்டாது என்பதால், 1,536உம் அதற்கு மேலும் உள்ள எண்கள் வகையையே குறிக்கும் என்று கொண்டு பொறியாளர்கள் நடைமுறையில் சமாளித்துவந்தனர். இரு வழக்குகளும் செல்லும் என்று தரநிலை முறையாக ஒப்புக்கொண்டது 1997ஆம் ஆண்டில்தான். வழக்கு முன்னே செல்ல, இலக்கணம் பின்னே வந்து அதற்கு விதி வகுத்தது. மொழியாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

தொலைபேசிக் கம்பிக்குத் திரும்புதல்

முதற்காலத்து ஈதர்நெட் ஓடிய வடம் விரல் பருமனுள்ள கோஆக்சியல் வடம். கணினி ஒவ்வொன்றும் அதனைத் துளைத்துத் தொட்டுக்கொள்ளும். எங்கேனும் ஓரிடத்தில் வடம் பழுதுபட்டால் அதைத் தொட்ட அத்தனை கணினிகளும் ஊமையாகும். பழுது எங்கே என்று வடத்தின் வழியே நடந்துதான் தேட வேண்டும். பின்னர் வந்த மெல்லிய வடத்திலும் இக்குறை நீங்கவில்லை.

சிராக்சு ஆய்வு நிலையத்திலிருந்து வெளிவந்த ஆண்ட்ரூ லட்விக், ரொனால்டு சுமித் ஆகிய இருவர் 1985ஆம் ஆண்டில் சினாப்டிக்சு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கட்டடங்களில் முன்பே ஓடிக்கொண்டிருந்த தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிணைக் கம்பிகளிலேயே 10 மெகாபிட் ஈதர்நெட்டை அவர்கள் ஓட்டிக் காட்டினர். ஒவ்வொரு கணினிக்கும் தனி வடம். எல்லா வடங்களும் ஒரு நடுப்பெட்டியில் வந்து கூடும். வேறு நிறுவனங்களும் தத்தம் வழியில் இதனையே செய்யத் தொடங்கின. ஆயின் ஒருவர் பெட்டியோடு மற்றவர் பெட்டி முழுமையாக ஒத்துப்போகவில்லை. வாங்கியவர் ஒரே கடைக்குத்தான் மீண்டும் மீண்டும் செல்லவேண்டியிருந்தது. பூசலின் பொருளாதார வேர் இதுவே. இணக்கம் இல்லாத இடத்தில் வாங்குபவர்க்கு உரிமை இல்லை.

பத்து-பேசு-டீ எனப்படும் தரநிலை 1990ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டபோது இந்நிலை மாறியது. அதன் நீள வரம்பு 100 மீட்டர். ஒரு வழி அனுப்ப ஓரிணை, மறு வழி பெற ஓரிணை. இத்தரநிலை தந்த சிறிய கொடை ஒன்று தனியே நினைக்கத்தக்கது. செய்தி எதுவும் இல்லாதபோதும் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒற்றைத் துடிப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கும். "இங்கே இருக்கின்றேன்" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. துடிப்பு வந்தால் வாயிலருகே உள்ள சிறு விளக்கு எரியும், வராவிட்டால் அணையும். வடத்தின் வழியே நடந்து தேடிய பொறியாளர் இப்போது ஒரு விளக்கைப் பார்த்தாலே போதுமானதாயிற்று.

விளக்கு எரியாமைக்கு அக்காலத்தில் மிகப் பொதுவான காரணம் ஒன்று இருந்தது. கணினியின் வாயிலில் 1, 2ஆம் கம்பிகள் பேசும். 3, 6ஆம் கம்பிகள் கேட்கும். நடுப்பெட்டியின் வாயிலில் இது தலைகீழாக அமைந்தது. ஆதலின் நேர் வடம் போதும். ஆனால் நடுப்பெட்டியை மற்றொரு நடுப்பெட்டியோடு இணைக்கும்போது, வாயோடு வாயும் செவியோடு செவியும் எதிர்ப்படும். இரண்டும் பேசும், எதுவும் கேளாது. அதற்கெனக் குறுக்கு வடம் வேண்டும். கம்பிகளின் நிற வரிசைக்கு ஏ, பி என இரண்டு ஏற்பாடுகள் தரநிலையில் உள்ளன. ஒரு முனையில் ஒன்றும் மறு முனையில் மற்றொன்றும் வைத்துச் செருகினால் குறுக்கு வடம் ஆகும். சில நிறுவனங்கள் ஒரு வாயிலுக்குப் பக்கத்தில் பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் உள்ளேயே குறுக்காக மாறுமாறு செய்தன. இதனால் தொல்லை கூடியதே தவிரக் குறையவில்லை என்று கூறலாம். ஏனெனில் குறுக்கு வடத்தையும் போட்டுப் பொத்தானையும் அழுத்தினால் மீண்டும் நேராகிவிடும்.

இதனினும் நுட்பமான பழுது ஒன்று உண்டு. வடத்தைச் செருகியில் பொருத்துபவர் முதலிரு கம்பிகள் ஓரிணை, அடுத்த இரண்டு ஓரிணை என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனால், பார்வைக்கு அழகாக இருக்கும். இரு முனைகளிலும் அவ்வாறே வைத்தால் ஒவ்வொரு கம்பியும் தனக்குரிய இடத்தைச் சேரும். எளிய சோதனைக் கருவி குறை ஒன்றுமில்லை என்றே கூறும். ஆனால் கேட்கும் இணையாகிய 3உம் 6உம் இப்போது ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவை அல்ல. வேறு வேறு துணையோடு முறுங்கியவை. பெல் கண்ட நன்மை அங்கே இல்லாமற் போய்விடுகின்றது. விளக்கு எரியும், 10 மெகாபிட்டில் பெரும்பாலும் ஓடும், 100 மெகாபிட்டுக்கு மாற்றிய அன்று பிழைகள் மழையாகப் பொழியும். பழி புதிய கருவியின்மீது விழும். வேறு நிறுவனக் கருவியாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இத்தகைய பழிகளைத் தீர்ப்பதற்கு நடுவர் தேவைப்பட்டனர். அமெரிக்காவின் நியூ ஆம்சயர்ப் பல்கலைக்கழகத்தார் 1988ஆம் ஆண்டில் ஒளியிழை வழியிலான வேறொரு வகைப் பிணையத்திற்காகக் கருவிகளைச் சோதித்தபோது, இரு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஆராய்ந்தபோது, விதிகளின் முன்வரைவுக்கும் இறுதி வடிவத்திற்கும் இடையிலிருந்த வேறுபாடே காரணம் எனத் தெரிந்தது. இரு நிறுவனத்தாரும் வந்து பல்கலைக்கழகத்தோடு ஒத்துழைத்துத் தீர்வு கண்டனர். அதிலிருந்து இணக்கச் சோதனைக் கூடம் ஒன்று வளர்ந்தது. போட்டியாளர்கள் கட்டணம் செலுத்தித் தம் கருவிகளை அங்கே விட்டுச்செல்ல, மாணவர்கள் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சோதித்தனர். தரநிலை ஏட்டில் இருப்பது ஒன்று. அது செம்பில் நடப்பது வேறொன்று என்பதை உலகம் உணர்வதற்கு அக்கூடம் பெரிதும் காரணமாயிற்று.

பொதுச்சாலையிலிருந்து தனிச்சாலைக்கு

நடுப்பெட்டி முதலில் 'ஹப்' என்னும் எளிய பொருளாக இருந்தது. ஒரு வாயிலில் வந்ததை எல்லா வாயில்களிலும் ஒலிபரப்பும்; அவ்வளவே. வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் ஆகியோர் கலிபோர்னியாவில் நிறுவிய கல்பனா என்னும் நிறுவனம், 1990ஆம் ஆண்டில் ஏழு வாயில்களைக் கொண்ட புதுவகைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது வந்த செய்தியின் முகவரியைப் பார்த்து, உரிய வாயிலுக்கு மட்டும் அனுப்பியது. இன்று உலகெங்கும் சுவிட்ச் என்று வழங்கும் கருவியின் முன்னோடி அதுவே. பரத்வாஜ் தம் துணைவியாரின் பெயரைத்தான் நிறுவனத்திற்கு இட்டார். கற்பனை என்று பொருள்படும் அப்பெயரை 1994ஆம் ஆண்டில் சிசுக்கோ நிறுவனம் வாங்கி விழுங்கிவிட்டது.

சுவிட்ச் வந்ததும் அடிப்படை மாறிற்று. வடத்தின் இரு முனைகளிலும் இருவர் மட்டுமே இருக்கின்றனர். பேச ஓரிணையும் கேட்க ஓரிணையும் தனித்தனியே உள்ளன. அங்ஙனமாயின் ஒருவர் பேசும்போது மற்றவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இருவரும் ஒரே வேளையில் பேசலாமே! இதற்கு முழு டூப்ளெக்ஸ் என்று பெயர். மாறி மாறிப் பேசும் பழைய முறைக்கு அரை டூப்ளெக்ஸ் என்று பெயர். ஒற்றைத் தண்டவாளத்தை இரட்டைத் தண்டவாளமாக்கியது போன்ற ஆக்கம் இது. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: இரு முனைகளும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். ஒரு நிலையத்தார் பாதை இரட்டை என்றும் மறு நிலையத்தார் ஒற்றை என்றும் கொண்டு வண்டிகளை அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நொடிக்கு 100 மெகாபிட் விரைவுள்ள ஈதர்நெட்டின் தரநிலை 1995ஆம் ஆண்டில் வந்தது. இப்போது ஒரு வாயில் 10 ஆகவும் இருக்கலாம், 100 ஆகவும் இருக்கலாம். அரையாகவும் இருக்கலாம், முழுமையாகவும் இருக்கலாம். இரு முனைகளும் தாமே பேசித் தீர்த்துக்கொள்வதற்கு நேசனல் செமிகண்டக்டர் நிறுவனம் வகுத்த ஒரு முறையைக் கழகம் ஏற்றுத் தரநிலையில் சேர்த்தது. தன்னியக்க உடன்பாடு என்று அதனைத் தமிழில் அழைக்கலாம்.

அதன் அமைப்பு வியக்கத்தக்க சிக்கனம் உடையது. 1990ஆம் ஆண்டின் ஒற்றைத் துடிப்பு இருந்த அதே இடத்தில், அதே 16 மில்லிநொடி இடைவெளியில், இப்போது ஒரு துடிப்புக் கொத்து வந்தது. கொத்தில் 17 துடிப்புகள் கால அளவைக் காட்டும். அவற்றின் இடையிடையே 16 இடங்கள் உண்டு. ஓரிடத்தில் துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. இவ்வாறு 16 பிட் கொண்ட ஒரு சொல் உருவாகின்றது. "என்னால் 10 இயலும், 100 இயலும், முழு டூப்ளெக்சும் இயலும்" என்பதே அச்சொல்லின் பொருள். தொடர்ந்து மூன்று முறை ஒரே சொல்லாக வந்த பின்னரே மறு முனை அதை நம்பும். நம்பியதைத் தன் சொல்லிலுள்ள ஒரு பிட்டால் தெரிவிக்கும். பின்னர் இருவருக்கும் பொதுவானவற்றுள் உயர்ந்தது எதுவோ அதைத் தேர்வர். பழைய கருவி ஒன்று எதிரே இருந்தால், அதற்கு இந்தக் கொத்து வழக்கமான ஒற்றைத் துடிப்பாகவே தோன்றும், அது குழம்பாது.

இதில் ஒரு பொத்தல் இருந்தது. எதிர்முனை பேச்சுக்கே வராவிட்டால் என் செய்வது? அம்முனையின் விரைவை மின்குறியின் வடிவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்; 10 வேறு, 100 வேறு. ஆனால் அது அரையா முழுதா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆதலின், பேச்சுக்கு வராத முனையை அரை டூப்ளெக்ஸ் என்றே கொள்ளவேண்டும் என்று விதி கூறிற்று. பேச்சுக்கு வாராதது பழைய கருவியாகத்தான் இருக்கும், பழைய கருவி அரை டூப்ளெக்ஸாகத்தான் இருக்கும் என்பது விதியை வகுத்தவர்களின் எண்ணம். தக்க எண்ணமே. ஆனால் மனிதன் கையால் செய்யும் செயலை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு சுவிட்சின் பொறுப்பாளர் தம் வாயிலை '100, முழு டூப்ளெக்ஸ்' என்று கையால் நிறுத்திவிடுகின்றார் என்க. பல கருவிகளில் அந்நொடியே உடன்பாட்டுப் பேச்சு நின்றுவிடும். மறு முனையிலுள்ள, வேறு நிறுவனத்தின் சுவிட்ச் தானியங்கு நிலையில் இருக்கின்றது. அது பேச்சை எதிர்பார்க்கின்றது, பேச்சு வரவில்லை. விரைவு 100 என்று கண்டுகொள்கின்றது. விதிப்படி அரை டூப்ளெக்ஸ் என்று அமைந்துவிடுகின்றது. ஒருபுறம் முழுமை, மறுபுறம் அரை. இரு விளக்குகளும் பச்சையாக எரிகின்றன. விதியை எவரும் மீறவில்லை. இணைப்பு மட்டும் நோயுற்றுவிட்டது.

இந்நோயின் கொடுமை, அது நோயாகத் தோன்றாமையே. ஒரு சிறு சோதனைச் செய்தியை அனுப்பி விடை வருகின்றதா என்று பார்த்தால் உடனே வரும். ஏனெனில் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேசுகின்றார். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது இருபுறமும் ஒரே வேளையில் பேச வேண்டியிருக்கும். முழு டூப்ளெக்ஸ் முனை காத்திராமல் பேசும். அரை டூப்ளெக்ஸ் முனை தான் பேசிக்கொண்டிருக்கையில் எதிர்க்குரல் கேட்டு, மோதல் என்று கருதி, பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பாதிப் பொட்டலம் எதிர்முனையில் பிழையாகப் பதிவாகும். பொட்டலத்தின் முதல் 64 பைட்டுக்குப் பின் நேரும் மோதலுக்குப் பிந்திய மோதல் என்று பெயர். ஒழுங்கான அரை டூப்ளெக்ஸ் வடத்தில் அது நேரவே கூடாது. அத்தகைய பொட்டலம் பெரும்பாலும் மீண்டும் அனுப்பப்படாமல் கைவிடப்படும். மேலடுக்கிலுள்ள மென்பொருள் நெடுநேரம் காத்திருந்து பார்த்து மீண்டும் கேட்கும். நூறு மெகாபிட் வடம் பத்து மெகாபிட் வடத்தினும் மெல்லத் தவழும். பகலில் பணி மிகுந்த வேளையில் தவழ்ந்த இணைப்பு, இரவில் பொறியாளர் வந்து சோதிக்கும்போது நலமாக ஓடும்.

நோய்க்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்க்கு விடை இரு சுவிட்சுகளின் எண்ணிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு முனையின் எண்ணியில் பிந்திய மோதல்கள் பெருகும். மறு முனையின் எண்ணியில் மோதல் ஒன்றும் இராது, சரிபார்ப்புப் பிழைகளும் குறைப்பொட்டலங்களும் பெருகும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஐயத்திற்கு இடமே இல்லை. ஒன்றை மட்டும் பார்த்தால் வடம் கெட்டுவிட்டது என்றே தோன்றும். வேறு வேறு நிறுவனக் கருவிகளை வேறு வேறு பொறுப்பாளர்கள் ஆண்டுவந்த இடங்களில், இரு எண்ணிகளையும் ஒருசேரப் பார்த்தவர் அரியர். ஒவ்வொருவரும் தம் முனை சரியாகவே இருக்கின்றது என்றனர். தனித்தனியே பார்த்தால் இருவர் கூற்றும் மெய்யே.

கையால் நிறுத்துவதா, பேசவிடுவதா

1995ஆம் ஆண்டின் விதிகள் சில இடங்களில் இருபொருள்பட அமைந்திருந்தமையால் தொடக்ககாலக் கருவிகள் பல, பேச்சு நடத்தியும் தவறான முடிவுக்கு வந்தன. தானியங்கு முறையை நம்பாதீர், இரு முனைகளையும் கையால் நிறுத்துங்கள் என்னும் அறிவுரை அப்போது பிறந்தது. அக்காலத்திற்கு அது தக்கதே. விதிகள் 1998ஆம் ஆண்டின் பதிப்பில் தெளிவாக்கப்பட்டன. புதிய சில்லுகள் ஒழுங்காகப் பேசின. அறிவுரை மட்டும் மாறவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் பழகிய பொறியாளர்கள் ஒரு முனையைக் கையால் நிறுத்திக்கொண்டே இருந்தனர். மறு முனையை நிறுத்த மறந்தவரும், அதை நிறுத்தும் உரிமை இல்லாதவரும் அவர்களுள் பலர். நோயைத் தடுக்கக் கொடுத்த மருந்தே நோய்க்குக் காரணமான விந்தை இது.

இன்னொரு வலையும் இருந்தது. 'கையால் நிறுத்துதல்' என்பதன் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டது. ஒருவர் கருவியில் அது பேச்சை அறவே நிறுத்தும். மற்றொருவர் கருவியில் பேச்சு தொடரும். தனக்கு இயல்வது இந்த ஒன்றே என்று மட்டும் எதிர்முனைக்குச் சொல்லும். கட்டளைச் சொல் ஒன்று; செயல் இரண்டு.

நொடிக்கு 1,000 மெகாபிட் விரைவுக்கான செம்புத் தரநிலை 1999ஆம் ஆண்டில் வந்தது. இதில் நான்கு இணைகளும் பயன்படுகின்றன. ஒவ்வோர் இணையிலும் இரு திசையிலும் ஒரே வேளையில் பேச்சு நடக்கின்றது. ஒவ்வொரு முனையும் தன் குரலின் எதிரொலியைக் கழித்துவிட்டு எஞ்சியதையே கேட்கின்றது. இதற்கு இரு முனைகளின் கடிகாரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரு முனை தலைவன், மறு முனை தொடர்வோன். யார் எது என்பதை உடன்பாட்டுப் பேச்சே தீர்மானிக்கும். ஆதலின் இவ்விரைவில் பேச்சு கட்டாயம் என்று விதி வகுத்தனர். இரு பொறுப்பாளர்களும் தம் முனையே தலைவன் என்று கையால் நிறுத்திவிட்டால் இணைப்பு ஏற்படவே மாட்டாது. நோயுற்று நெடுநாள் தவழ்வதைவிட, தொடக்கத்திலேயே எழ மறுப்பது எவ்வளவோ நன்று.

ஆயினும் புதிய விரைவு புதிய புதிர் ஒன்றைக் கொண்டு வந்தது. உடன்பாட்டுப் பேச்சு நடப்பது பழைய இரண்டு இணைகளில். வேலை நடப்பது நான்கு இணைகளில். மற்ற இரண்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் பேச்சு குறைவின்றி நடக்கும். ஆயிரம் மெகாபிட் என்று இருவரும் ஒப்புக்கொள்வர். செயலில் இறங்கியதும் தோற்பர். மீண்டும் பேசுவர், மீண்டும் தோற்பர். விளக்கு எரிந்தெரிந்து அணையும். சில நிறுவனங்களின் சில்லுகள் சில முறை தோற்றதும் தாமே இறங்கி 100 மெகாபிட்டில் இணைத்துக்கொள்ளும். இவ்வாறு இறங்குவது தரநிலையில் சொல்லப்பட்டதன்று. நிறுவனங்கள் தாமாகச் சேர்த்த நயம். எனவே அதே பழுதான வடம் ஓரிணைச் சுவிட்சுகளுக்கிடையே மெதுவாக வேலை செய்யும். வேறு நிறுவனச் சுவிட்சை மாட்டினால் வேலையே செய்யாது. குறை புதிய சுவிட்சில் என்று எவரும் முடிவு கட்டுவர். வடத்தை மாற்றிப் பார்த்தவர்க்கே உண்மை தெரியும்.

வடத்தை அளக்கும் முறையும் இதற்குள் சுவிட்சுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு துடிப்பை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவர். செம்பு வடத்தில் மின்குறி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் செல்லும். எதிரொலி 300 நானோநொடியில் திரும்பினால், அறுந்த இடம் 30 மீட்டர் தொலைவில் உள்ளது. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் அறிவதைப் போன்றது இது. கோஆக்சியல் காலத்தில் நடந்து தேடியவர்கள் இதைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்!

குறுக்கு வடத்தின் தொல்லையும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒழிந்தது. ஹியூலட் பாக்கார்ட் நிறுவனத்தின் பொறியாளர் டேனியல் டவ் முதலியோர், வாயில் தானே தன் வாயையும் செவியையும் இடம் மாற்றிக்கொள்ளும் முறையை அமைத்தனர். இரு முனைகளும் ஒரே வேளையில் மாற்றிக்கொண்டால் மீண்டும் முட்டிக்கொள்ளும். குறுகிய நடைவழியில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் விலகி விலகி நிற்பதைப் போல. அதனால் எப்போது மாறுவது என்பதைக் குருட்டாம்போக்கு எண் ஒன்று தீர்மானிக்குமாறு செய்தனர். மெட்கால்பு மோதலுக்குக் கண்ட மருந்தே இங்கும் உதவிற்று. ஆனால் பல கருவிகளில், வாயிலைக் கையால் நிறுத்தினால் இவ்வசதியும் சேர்ந்தே நின்றுவிடும். நேர் வடத்தில் நெடுங்காலம் ஓடிய இணைப்பு, விரைவைக் கையால் குறித்த மறுநொடியே இறந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

2014ஆம் ஆண்டில் பழைய நாடகம் ஒருமுறை மீண்டும் மேடையேறியது. கட்டடங்களில் முன்பே போடப்பட்ட வடங்களை மாற்றாமல், 2,500 மெகாபிட்டும் 5,000 மெகாபிட்டும் ஓட்டலாம் என்று கண்ட நிறுவனங்கள் இரு கூட்டணிகளாகப் பிரிந்தன. கழகத்தின் தரநிலை 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்து இரண்டையும் ஒன்றாக்கியது. தரநிலை வருமுன்னரே விற்கப்பட்ட சுவிட்சுகளும் இருந்தன. அவற்றைப் பின்னாளைய கருவியோடு இணைக்கும் பொறுப்பாளர் முதலில் பார்க்கவேண்டியது அவற்றின் உள்மென்பொருளின் பதிப்பு; அடுத்து வடத்தின் தரம்; அதன்பின் இரு முனைகளின் எண்ணிகள். இத்தனை விரைவுகளையும் அறிவிக்க 1995ஆம் ஆண்டின் 16 பிட் சொல் போதவில்லை. அதன் பின்னே கூடுதல் பக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. முதற்பக்கம் இன்றும் அதே சொல்தான். அதைச் சுமந்துவரும் துடிப்புக் கொத்தும் அதே 16 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் வருகின்றது.